சாரல் அடிக்கும்போது வில்லு செய்யாதீங்க

எங்க ஊரு செங்கோட்டை. மேக்க பாத்தா மலை, மலைக்கு நடுவுல ஆரியங்காவு கணவாய், அதுக்கு அந்தப் பக்கம் கேரளா. ஆனி ஆடியில அந்தக் கணவாய் வழியா காத்து உள்ள வந்துச்சுன்னா ஊரே நனைஞ்ச துணி மாதிரி ஆயிரும், குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு ஊருக்கெல்லாம் சந்தோசம், ஆனா மரத்துக்கு அது நல்ல காலம் இல்ல. இது எனக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கணும், ஏன்னா நான் வேலை பாக்கிறதே மர அறுவை மில்லுலதான், பதினாலு வருசமா கணக்கு எழுதுறேன், தினமும் கதவு இறுகிப் போச்சு, ஜன்னல் மூடலன்னு யாராவது வந்து சொல்லிட்டுத்தான் இருப்பாங்க. இருந்தும் என்னோட முதல் வில்ல ஆடி மாசம்தான் செஞ்சேன். அது வீணாப் போன கதையும் அதுக்கப்புறம் ஒண்ணு உருப்படியா வந்த கதையும்தான் இந்தப் பதிவு. நம்ம பக்கத்துல யாராவது மரத்துல வில்லு செய்யணும்னு நெனச்சா இது உதவும்.

வில்லு மேல ஆச எங்க இருந்து வந்துச்சுன்னா, சின்ன வயசுல கோயில் கொடையில பாத்த வில்லுப்பாட்டுல இருந்துதான். அந்தப் பெரிய வில்லுல மணியெல்லாம் கட்டி, வீசுகோலால நாண்ல அடிக்கும்போது வர்ற அந்த அதிர்வு நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அப்புறம் ஒருதடவ வயநாடு போனப்போ பனமரத்துல தலக்கல் சந்து நினைவிடம் பாத்தேன். 1802ல குறிச்சியர்ங்கிற பழங்குடிங்க வில்லும் அம்பும் வச்சு கம்பெனிக்காரனோட பனமரம் கோட்டையப் பிடிச்சாங்க, அதுக்கு முன்ன நின்னவரு சந்து, பழசிராஜாவோட ஆளு. துப்பாக்கி வச்சிருந்தவனுக்கு எதிரா வில்லு. அங்க நின்னுட்டு இருக்கும்போதே நானும் ஒண்ணு கையால செய்யணும்னு தோணிருச்சு. சேரனோட கொடியிலயே வில்லுதானே இருந்துச்சு, எங்க ஊரும் முன்ன திருவிதாங்கூர் சமஸ்தானத்துலயும் அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலயும்தான் இருந்துச்சு, அதனால இது ஏதோ வெளிநாட்டு பொழுதுபோக்கு மாதிரி எனக்குத் தோணவே இல்ல.

சரி, மரம். வில்லுக்கு ஏத்த மரம்னு எங்க மில்லுல யார்ட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது சடச்சி. சில ஊருல தடசும்பாங்க, வடக்க தாமன்னு பேரு. கோடாலிக் காம்பு, மம்பட்டிக் காம்பு, வண்டியோட நீளக்கால் இதுக்கெல்லாம் அந்தக் காலத்துல இதத்தான் தேடுவாங்க, ஏன்னா அடி வாங்கினாலும் ஒடியாம வளைஞ்சு குடுத்துட்டு திரும்ப நிமிரும். சமஸ்கிருதத்துல இதுக்கு வில்லு மரம்னே பேரு இருக்கு. என் தாத்தா காம்பு போடுறதுக்குன்னு எடுத்து வச்ச சடச்சிக் கட்ட ஒண்ணு அடுப்பங்கரைப் பரண்ல கரி புடிச்சுக் கெடந்துச்சு, ஆறடிக்குக் கொஞ்சம் கூட, நார் ஓட்டம் நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. அதத்தான் எடுத்தேன்.

வெறும் மரத்துலயே வில்லு செய்யலாம். ஆனா அதுக்கு முதுகுப் பக்கம் ஒரே ஒரு வருச வளையம் அறுபடாம முழு நீளத்துக்கும் வரணும், அது அறுத்த மரத்துல கெடைக்கிறது கஷ்டம். அதுக்குத்தான் மூங்கில். வில்லப் புடிச்சு நிக்கும்போது குறியப் பாத்து இருக்கிற பக்கத்த முதுகுன்னும் நம்மளப் பாத்து இருக்கிற பக்கத்த வயிறுன்னும் வச்சுக்கோங்க. நாண இழுத்தா முதுகு இழுபடும், வயிறு அமுங்கும். பொதுவா மரத்துக்கு இழுபடுறதத் தாங்குற அளவுக்கு அமுங்குறதத் தாங்க முடியாது, ஆனா முதுகுல ஒரு சின்ன நார் அறுந்திருந்தாலும் அங்க இருந்து கிளம்பி மொத்தமும் ஒடிஞ்சிரும். மூங்கிலுக்கு இழுபடுறதுல இருக்கிற பலம் சாதாரண மரத்துக்கு இல்ல, அந்தப் பலம் முழுக்க வெளித்தோலுக்குப் பக்கத்துல நாரு நெருக்கமா இருக்கிற இடத்துலதான் இருக்கு, உள்ள போகப் போக சோறு மாதிரி. அதனால மூங்கில் பட்டையோட தோலுப் பக்கத்த முதுகா வச்சு உள்பக்கத்த இழைச்சு மரத்தோட ஒட்டணும். ஜப்பான்காரங்களோட வில்லும் இதே மாதிரிதான், நடுவுல மரம், முன்னயும் பின்னயும் மூங்கில், ஏழடிக்கு மேல நீளம்.

மூங்கில் எங்க வாங்கினேன்னு கேப்பீங்க. பந்தல் போடுற கடையில இருக்கிற மூங்கில் ஒல்லி, பட்ட எடுத்தா ஓடு மாதிரி வளைஞ்சு இருக்கும், ஓரத்துல கனம் இல்லாமப் போயிரும். நமக்கு நாலு இஞ்சுக்கு மேல விட்டம் இருக்கிற முள்ளு மூங்கிலோட அடிப்பாகம் வேணும். ஆரியங்காவுக்கு அங்கிட்டு ஒரு வீட்டுல தோட்டத்து வேலியா மூங்கில் வச்சிருந்தாங்க, மில்லுக்கு லோடு ஏத்திட்டு வர்ற டிரைவர் சொல்லி போனேன். அந்த வீட்டு அம்மச்சி ஒவ்வொண்ணா அருவா முதுகால தட்டிப் பாத்து, கிண்ணுன்னு சத்தம் வந்த ஒண்ணக் காட்டி "இது மூத்ததாணு, எடுத்தோ"ன்னாங்க. ஒரு வருசத்து மூங்கில் பச்சையா மினுமினுன்னு இருக்கும், அது ஆகாது, மூணு நாலு வருசம் ஆனது மங்கி, மேல பூஞ்ச படிஞ்ச மாதிரி இருக்கும், அதுதான் வேணும். காட்டு மூங்கில் பக்கம் போயிராதீங்க, அது வனத்துறை சொத்து. காட்டுக்கு வெளிய பட்டா நிலத்துல வளர்றத மட்டும் 2017ல வனச் சட்டத்தத் திருத்தி மரம்ங்கிற கணக்குல இருந்து எடுத்தாங்க. தேய்பிறையில வெட்டினா உளுக்காதுன்னு எங்க ஊருல சொல்லுவாங்க. மாவுச்சத்து கம்மியா இருக்கிற காலத்துல வெட்டினா வண்டு வராதுங்கிறது உண்மைதான், மாவுக்குத்தான் அது வருது.

இனி முதல் வில்லு. ஆடி மாசம், லீவு நாலு நாள் சேந்தாப்புல கெடச்சுது, கை பரபரன்னு இருந்துச்சு. சடச்சிய அறுத்து ஒண்ணேகால் இஞ்சு அகலம், பிடிகிட்ட அர இஞ்சு கனம், நுனிக்குப் போகப் போக கால் இஞ்சுன்னு பலகையா எடுத்தேன். மூங்கில் பட்டைய ஆறு மில்லி கனத்துக்கு இழைச்சேன், கனமா இருந்தா பலம்தானேன்னு ஒரு நெனப்பு. வெளிய சாரல் பெஞ்சுட்டே இருக்கு, மில்லுக் கொட்டகையில தரையே வேர்க்குது. ஒட்டி, காய வச்சு, செதுக்கி, நாண் போட்டு இழுத்துப் பாத்தேன். அம்பு பறந்துச்சு. சந்தோசத்துல அன்னிக்கு சாயங்காலமே நாப்பது அம்பு விட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, நாணக் கழட்டினாலும் வில்லு நிமிரவே இல்ல, நாலு இஞ்சு அப்படியே வளைஞ்சே நிக்குது. நாலாம் நாளு வயிறுப் பக்கம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா குறுக்க குறுக்க மெல்லிசா கோடு, வயசானவங்க நெத்தியில சுருக்கம் விழுந்த மாதிரி. மூங்கிலுக்கு ஒண்ணும் ஆகல, மினுமினுன்னு இருக்கு.

எங்க மில்லுக்குப் பின்னால ஒரு ஆசாரி இருக்காரு, அறுபத்தஞ்சு வயசு, வில்லுப்பாட்டுக் குழுவுக்கு வில்லு செஞ்சு குடுத்தவரு, அவுக அப்பாவும் அதே வேலதான். நான் அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியக் கழட்டிட்டு விரலால வயித்தத் தடவிப் பாத்தாரு.

"தம்பி, இதுல முதுகு ஜெயிச்சிட்டு, வயிறு தோத்துட்டு. மூங்கிலு இவ்வளவு தடியா வச்சா அது எப்படி இழுபடும்? அது இழுபடலன்னா அந்தப் பாரத்தயும் சேத்து மரம்தான அமுங்கணும்? அதுவும் மரத்த ஈரத்தோட ஒட்டிருக்க."

"பரண்ல இருவது வருசம் கெடந்த கட்ட அண்ணாச்சி."

"பரண்ல கெடந்துச்சு. கீழ இறக்கி எத்தன நாளு ஆச்சு?"

மூணு வாரம் ஆயிருந்துச்சு. மூணு வாரம் சாரல்ல திறந்த கொட்டகையில. மரம் எத்தன வருசம் காஞ்சதா இருந்தாலும் காத்துல ஈரம் இருந்தா திரும்பக் குடிச்சுக்கும், பத்து சதவீதத்துக்குள்ள ஈரம் இருந்தாத்தான் வில்லுக்கு நல்லது, எங்க ஊரு ஆடியில அது நடக்காத காரியம். ஈரமான மரம் அமுங்கினா அமுங்கினதுதான், திரும்ப வராது. கணக்கு நோட்டுல எத்தன தடவ "சீசனிங்"னு எழுதிருப்பேன் (மரத்தப் பக்குவமா காய வைக்கிறது), அன்னிக்குத்தான் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கையில தெரிஞ்சுது.

ரெண்டாவது வில்லு பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், அது பசையில போச்சு. மூங்கிலோட உள்பக்கத்த இழைப்புளியால கண்ணாடி மாதிரி வழவழன்னு இழைச்சுட்டேன், போதாக்கொறைக்கு இரும்பு கிளாம்ப் பத்து போட்டு முறுக்கின முறுக்குல எப்பாக்ஸி எல்லாம் வெளிய பிதுங்கிருச்சு, உள்ள ஒட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. பாதி இழுப்புலயே டப்புன்னு பட்ட பிரிஞ்சு வந்துருச்சு. என் தப்புதான். எப்பாக்ஸிக்கு இறுக்கம் வேண்டாம், ரெண்டு பரப்பும் லேசா தொட்டுட்டு இருந்தா போதும், அதுவும் ஹாக்சா பிளேடப் பக்கவாட்டுல வச்சு சுரண்டி கீறல் போட்டுட்டு ஒட்டணும். அந்தக் காலத்துல ஆசாரிங்க வச்சிரம் காய்ச்சித்தான் மரம் ஒட்டுவாங்க, நல்லாப் புடிக்கும், ஆனா தண்ணி பட்டா விட்டுரும், எங்க ஊரு சாரலுக்கு அது தாங்காது.

மூணாவதுக்கு தை பொறக்கட்டும்னு காத்திருந்தேன். ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, தை மாசி பங்குனியில எங்க ஊருல காத்து காஞ்சு இருக்கும், அந்த மூணு மாசம்தான் வில்லு மாசம்னு இப்போ சொல்லுவேன். அதுக்கு முன்னாடி மரத்தயும் மூங்கில் பட்டையயும் திரும்ப அடுப்பங்கரைப் பரண்ல ஏத்தி வச்சேன், எங்க வீட்டுல இன்னமும் வெந்நீருக்கு விறகடுப்புதான், அந்தச் சூடு மேல போயிட்டே இருக்கும். வாரத்துக்கு ஒருதடவ மில்லுத் தராசுல வச்சு எடை பாத்து செவத்துல எழுதினேன். எடை கொறையுறது நிக்கிற வரைக்கும் தொடக்கூடாது. காசு செலவில்லாத ஈரமானி இதுதான்.

இந்தத் தடவ மூங்கில் பட்டைய ஓரத்துல மூணு மில்லி, நடுவுல நாலு நாலரை வர்ற மாதிரி மெலிசாக்கினேன். அண்ணாச்சி பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு, "தோலத் தொட்டுறாத, உள்ள இருந்து எடு". கணுக்கிட்ட மேடா இருக்குமே, அத சமமா இழைச்சு அழகாக்கணும்னு கை போகும், போகக்கூடாது, அங்கதான் நாரு சுத்தி ஓடுது, லேசா நுனிய மட்டும் உப்புத்தாள்ல தேச்சு விடணும். அதே மாதிரி மூங்கில் பக்கத்த வயித்தவிட கொஞ்சம் ஒடுக்கமா, குறுக்கு வெட்டுல பாத்தா சரிவா வர்ற மாதிரி ரெண்டு ஓரத்தயும் சாய்ச்சு விட்டோம். அப்படிச் செஞ்சா முதுகோட பலம் கொஞ்சம் கொறஞ்சு வயித்துக்குச் சமமா வரும். முதல் வில்லு தோத்த இடம் இதுதான்.

ஒட்டும்போது இரும்பு கிளாம்ப் இல்ல. பழைய சைக்கிள் டியூப ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா கத்தரிச்சு, ஒரு நுனியில இருந்து இன்னொரு நுனி வரைக்கும் சுத்திக்கிட்டே போனோம், அது எல்லா இடத்துலயும் ஒரே அளவு அழுத்தும். ரெண்டு நுனிக்கும் அடியில கட்டை வச்சு நடுவ அமுக்கி, நாண் போட்டா வளையுமே அதுக்கு எதிர்ப்பக்கமா ரெண்டு இஞ்சு வளைச்சு வச்சே ஒட்டினோம். பின்னால எப்படியும் வில்லு கொஞ்சம் நம்ம பக்கம் மடங்கும், அந்த மடக்கத்துக்கு முன்கூட்டியே குடுக்கிற இருப்பு இது. அப்புறம் வெயில்ல தகரக் கூரைக்கு அடியில ரெண்டு நாள்.

இதுக்கப்புறம் வர்றதுதான் உண்மையான வேல, இங்கிலீஷ்ல டில்லரிங்னு சொல்லுவாங்க, அண்ணாச்சி வளைவு பாக்கிறதுன்னாரு. வில்லோட ரெண்டு கையும், அதாவது பிடிக்கு மேல இருக்கிற பாதியும் கீழ இருக்கிற பாதியும், ஒரே மாதிரி, எங்கயும் முட்டி போடாம, எங்கயும் கம்பு மாதிரி நிக்காம வளையணும். கொட்டகைச் செவத்துல ஒரு கட்டைய அடிச்சு அதுல வில்ல உக்கார வச்சு, நாண்ல கயிறு கட்டி, அந்தக் கயிற கீழ தரையோரமா மாட்டின கிணத்துக் கப்பி வழியா விட்டு, எதிர்ல அஞ்சு எட்டு தள்ளி நின்னு இழுக்கணும். இழுக்கிறது என் மக, ஆறாப்பு படிக்கா. நான் செவத்துல சாக்பீஸ்ல போட்ட கோட்டையும் வளைவையும் பாப்பேன், சந்தேகமா இருந்தா போன்ல போட்டோ எடுத்து அண்ணாச்சிட்ட காட்டுவேன். எங்க விறைப்பா இருக்கோ அங்க வயித்துல பென்சில் கோடு, அந்தக் கோடு அழியுற அளவுக்கு மட்டும் சுரண்டுறது, திரும்ப முப்பது தடவ மெதுவா இழுத்து விடுறது, ஏன்னா சுரண்டினது மரத்துக்கு உடனே தெரியாது, வளைஞ்சு வளைஞ்சுதான் தெரியும்.

இங்க ஒரு கணக்கு இருக்கு, அது புரிஞ்சா கை தானா நிதானம் ஆயிரும். அகலத்தப் பாதியாக்கினா விறைப்பு பாதியாகும். கனத்தப் பாதியாக்கினா எட்டுல ஒண்ணாயிரும். கனத்துல பத்துல ஒரு பங்கு எடுத்தாலே விறைப்பு கால் பங்குக்கு மேல போயிருது. அதனாலதான் கடைசிக்கட்டத்துல இழைப்புளியத் தொடாம உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டினோம், அதுல வர்ற தூளு மைதா மாதிரி இருக்கும். முழு பலத்துக்கு மேல ஒருதடவகூட இழுக்கக்கூடாது, நமக்கு நாப்பது பவுண்டு பாரத்துல இழுபடுற வில்லு வேணும்னா செய்யுற காலம் முழுக்க நாப்பதத் தாண்டி இழுக்காம, அந்தப் பாரத்துல எவ்வளவு தூரம் வருதுன்னு மட்டும் பாத்துட்டே போகணும். கீழ்க்கை மேல்கையவிட ஒரு மயிரிழை விறைப்பா இருக்கணும், அம்பு பிடிக்கு மேலதான உக்காருது, அதனால ரெண்டுக்கும் பாரம் ஒண்ணா விழாது.

இந்த வேல பதினோரு நாள் ஆச்சு, தினமும் மில்லு மூடினப்புறம் ஒண்ணரை மணி நேரம். ஒருநாள் மேல்கையில பிடிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு இடம் மடங்குற மாதிரி வந்துச்சு, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அண்ணாச்சி அந்த இடத்தத் தொடவே விடல, அதுக்கு ரெண்டு பக்கமும் சுரண்டச் சொன்னாரு, பலவீனமான இடத்துல எடுத்தத திரும்ப வைக்க முடியாது, மத்த இடத்த அதுக்குச் சமமா இறக்கத்தான் முடியும். அதுல நாலு பவுண்டு போச்சு. வில்லு பொழச்சுது.

நாணுக்கு முதல்ல மருள் நார் முயற்சி பண்ணேன். வேலியோரம் வளருமே அந்த மருள்தான், பழைய காலத்துல நாணுக்குன்னே அதத்தான் உரிச்சாங்க, வெளிநாட்டுக்காரன் அதுக்கு வச்ச பேரே வில்நாண் சணல்தான். ஓட்டால மடலச் சுரண்டி, அலசி, காய வச்சா வெள்ளவெளேர்னு பட்டு மாதிரி வருது, அவ்வளவு அழகு. ஆனா என் கைமுறுக்கு சமமா வரல, நாண் அறுந்தா வில்லும் சேந்து ஒடியும்ங்கிற பயத்துல பாலியஸ்டர் நூல்ல பதினாறு இழை முறுக்கி தேன்மெழுகு தடவி போட்டுட்டேன். குதைங்கிறது வில்லு நுனியில நாண் மாட்டுற வெட்டு, நல்ல பழைய தமிழ் வார்த்தை, அண்ணாச்சி சாதாரணமா அப்படித்தான் சொல்றாரு. அத ரெண்டு பக்கமும் மரத்துல மட்டும் அறுத்து மூங்கில் முதுகுல குறுக்க படாம விட்டேன்.

அளவு சொல்லிடுறேன். குதைக்குக் குதை 68 இஞ்சு. 27 இஞ்சு இழுப்புல கடைத் தராசு 19 கிலோ காட்டுச்சு, 42 பவுண்டு வருது. நாண் போட்டா பிடிக்கும் நாணுக்கும் நடுவுல ஆறு இஞ்சு. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் மூணு கோட்டிங், பிடிக்கு பருத்திக் கயிறு. ரெண்டு இஞ்சு எதிர்வளைவு குடுத்ததுல முந்நூறு அம்பு விட்டப்புறமும் ஒண்ணேகால் இஞ்சு மிச்சம் இருக்கு. முதல் வில்லு நாலு இஞ்சு நம்ம பக்கம் மடங்கிக் கெடந்தத நெனச்சா இது எனக்கு எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்கே புரியும்.

புளியரை போற வழியில அறுவடை முடிஞ்ச வயல்ல வைக்கோல் போருக்கு முன்னால சாக்கு கட்டி விட்டுப் பாத்தோம். அம்பு இல்லாம வெறும் நாண இழுத்து விட்டுறாதீங்க, அம்புக்குப் போக வேண்டிய வேகம் முழுக்க வில்லுக்குள்ளயே திரும்பி அடிச்சு ஒடச்சிரும். மிருகம் பறவை பக்கம் நீட்டவே கூடாது, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, சட்டம் இல்லன்னாலும் நீட்டக்கூடாது. விட்டு முடிச்சதும் நாணக் கழட்டிரணும். முதல் அம்ப நான் விடல, அண்ணாச்சிட்ட குடுத்தேன். ஆயுசுல எத்தனையோ வில்லு செஞ்சவரு, எல்லாம் பாட்டுக்கு, அம்பு வச்சதே இல்லன்னாரு. வாங்கினதும் நாண விரலால ஒருதடவ சுண்டி, காதுகிட்ட கொண்டுபோய்க் கேட்டாரு. "சுதி சேந்திருக்கு"ன்னாரு. அப்புறம்தான் அம்பு வச்சு இழுத்தாரு, சாக்குக்கு ஒரு முழம் மேல வைக்கோல்ல போய் சொருகிச்சு.

வந்ததுல இருந்து மக கேட்டுட்டே இருக்கா. பதினோரு நாள் கயிறு இழுத்தவ, கேக்காம இருப்பாளா. அவளுக்கு 22 இஞ்சு இழுப்பு வருது, கை நீட்ட வச்சு செவத்துல கோடு போட்டு அளந்து வச்சிருக்கேன். பதினஞ்சு பவுண்டு போதும், 54 இஞ்சு நீளம். அந்த அம்மச்சி குடுத்த மூங்கில்ல மறுபாதி பட்ட பரண்ல இருக்கு, சடச்சியிலயும் ஒரு துண்டு மிச்சம் இருக்கு, ரெண்டோட எடையும் செவத்துல அவளே எழுதிட்டு வாரா. இப்போ வைகாசி முடியப் போகுது, நேத்து ராத்திரியே கணவாய்க் காத்து ஆரம்பிச்சிருச்சு. தை வரட்டும்னு சொல்லிருக்கேன்.